காப்புக்காட்டில் ஓர் இரவு, துவர்த்தில் ஒரு முடிச்சு

என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோதையாறு மலைச்சரிவில் உள்ள ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டினார். ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியலுக்கு முந்தைய குளிரில்தான். வெயில் ஏறிவிட்டால் வடிவது குறைந்துவிடும். ஆகவே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால்கத்தியும் வாளியுமாக இருட்டிலேயே அவர் வீட்டைவிட்டு இறங்கிவிடுவார். தோட்டத்தை ஒட்டிய ஓடைகளில் இரவெல்லாம் மேய்ந்து தண்ணீர் குடித்த காட்டுயானைகள் மேட்டுக்குத் திரும்புவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். குலசேகரத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டில், காலை பத்து மணிக்குள் அப்பா திரும்பவில்லையென்றால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பார். எதற்காக நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் அந்த விலங்கின் பெயரைச் சொல்ல மாட்டோம்.

நான் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டில் ஒருநாள், இருட்டில் மூங்கில் ஒடியும் ஓசை கேட்டு, வாளியைப் போட்டது போட்டபடி அப்பா ஓடி, பால் சேகரிக்கும் கொட்டகையின் தகரக் கூரைமேல் ஏறிக்கொண்டார். ஒற்றைக் கொம்பன் ஒன்று வந்து கொட்டகையைச் சுற்றி நடந்து, நின்று, மீண்டும் நடந்து, வெளிச்சம் வந்த பிறகே போயிருக்கிறது. கீழே இறங்கிப் பார்த்தபோது அலுமினிய வாளி தோசைக்கல்லைப்போல் தட்டையாகக் கிடந்தது. அந்த வாளி இன்றும் எங்கள் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் ஆணியில் தொங்குகிறது. கூரைமேல் ஏறியதால்தான் பிழைத்தேன் என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இன்னொரு யானையும் எங்களுக்கு உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் யானைமீது எழுந்தருள, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் உடன்வர, திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் ஊர்வலத்தை எங்கள் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. குழித்துறையில் அந்த ஊர்வலம் வரும்போது அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டுவார். ஆனால் கூட்டத்தின் கடைசி வரிசைக்கு முன்னால் ஓரடிகூட நகர மாட்டார். அம்மன் அமர்ந்த யானையையும் மலையில் வாளியை நசுக்கிய யானையையும் அவரால் வேறுவேறாகப் பார்க்க முடிந்ததில்லை.

அவருக்கு இப்போது எழுபத்தொரு வயது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், யானைகளுக்கு அருகில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பாட்டாவையும் அழைத்துக்கொண்டுதான் போவது என்று முடிவு செய்தபோது, அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "மக்களே, நீ பக்கத்துல போவாண்டாம், தூர நின்னு பாத்தா போதும்" என்று பேத்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் கோட்டூர் காப்புக்காட்டில் உள்ள யானைகள் மறுவாழ்வு மையம். குலசேகரத்திலிருந்து அருமனை, வெள்ளறடை வழியாகக் கேரள எல்லையைக் கடந்து, கள்ளிக்காட்டில் நெய்யாறு அணையைத் தொட்டு, குற்றிச்சல் தாண்டினால் கோட்டூர். ஒன்றரை மணி நேரப் பயணம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுடன் இணையும்வரை இது முழுவதும் ஒரே அரசின் காடு. இப்போது அந்தப் பக்கம் 1958-இல் அறிவிக்கப்பட்ட நெய்யாறு வனவிலங்கு சரணாலயம், இந்தப் பக்கம் நானூறு சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் என்று பெயர்ப் பலகைகள் மாறுகின்றன. யானைகள் பலகை பார்த்து நடப்பதில்லை. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் வருவது நின்று இருபது ஆண்டுகளாகிவிட்டன என்பதை அணையைக் கடக்கும்போது அப்பா வருத்தத்துடன் நினைவூட்டினார். அந்த வருத்தம் எங்கள் பகுதிக்காரர் யாரை அந்த வழியே அழைத்துச் சென்றாலும் எழக்கூடியதுதான்.

மையத்தைக் கேரள வனத்துறை 2006-ஆம் ஆண்டில் தொடங்கியது. தாயைப் பிரிந்து காட்டில் தனியே நின்ற குட்டிகள், பராமரிக்க இயலாமல் ஒப்படைக்கப்பட்டவை, முதுமையால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவை என்று பல வகை யானைகள் இங்கு வந்து சேர்கின்றன. ஐம்பது யானைகளைப் பராமரிக்கும் வகையில் 176 ஹெக்டேர் பரப்புக்கு இதை விரிவாக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. நெய்யாறு நீர்த்தேக்கத்தின் ஒரு கை காட்டுக்குள் நீண்டு வந்து நிற்கும் கரையில், மரநிழலில் யானைகள் அவரவர் இடத்தில் நின்றிருந்தன. அவரவர் என்ற சொல் அஃறிணைக்குப் பொருந்தாது என்று தெரியும். ஆனாலும் அங்கே நின்று பார்த்த பிறகு வேறு சொல் எழுதக் கை வரவில்லை.

முதல் நாள் மாலை நாங்கள் பார்த்தது உணவு நேரம். சோறும் கேழ்வரகும் காணமும் வேகவைத்து, கருப்பட்டியும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, பெரிய தேங்காய் அளவில் உருட்டி ஒவ்வொன்றாக வாயில் வைத்தார்கள். இது கூடுதல் உணவு மட்டுமே. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் ஓலையும் வேண்டும். தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை என்பதால்தான் அது நாளின் பெரும்பகுதியைத் தின்றே கழிக்கிறது. ஆசிய யானையின் துதிக்கை நுனியில் விரல்போன்ற நீட்சி ஒன்றுதான் உண்டு, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு என்று மகள் பாடப்புத்தகத்தில் படித்திருந்தாள். வேலிக்கு அப்பால் ஒரு பிடியானை தரையில் சிந்திய ஒரே ஒரு சோற்றுப் பருக்கையை அந்த ஒற்றை விரலால் துழாவி எடுத்ததைக் கண்டபோது, அவள் படித்த வரி அவளுக்கே புதிதாகத் தெரிந்திருக்க வேண்டும். வெகுநேரம் பேசாமல் நின்றாள்.

அப்பா ஒரு மரத்தடியில் இருபதடி தள்ளியே இருந்தார். அங்கிருந்தபடியே, தொலைவில் தனியாகக் கட்டப்பட்டிருந்த ஒரு கொம்பனின் கன்னத்தில் வடிந்திருந்த கறையைச் சுட்டிக்காட்டி, "அதுக்கு மதம் இருக்கு" என்றார். பாகன் திரும்பிப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தார். மதநீர் கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுரப்பியிலிருந்து வருவது. வளர்ந்த களிறுகளுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை இந்தக் காலம் வரும். அப்போது பழகிய பாகனும் எட்டி நின்றே உணவு வைப்பார். அந்தக் கறையை இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய கண்கள் என் அப்பாவினுடையவை.

குட்டிகள் இருந்த பகுதியை நாங்கள் கம்பி வேலிக்கு இப்பாலிருந்தே பார்த்தோம். அதுவே சரி. 2021-ஆம் ஆண்டு இந்த மையத்தில் ஹெர்பீஸ் வைரஸ் தொற்றால் குட்டிகள் அடுத்தடுத்து இறந்தன. பெரிய யானைகளின் உடலில் அமைதியாகக் கிடக்கும் இந்தக் கிருமி, குட்டிகளின் இரத்தக் குழாய்களைச் சிதைத்து ஓரிரு நாள்களில் உயிரைப் பறித்துவிடும். தாயோடு வளரும் குட்டி பாலோடு நோய் எதிர்ப்பையும் பெறுகிறது. தாயின் சாணத்தைத் தின்று, தழையைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்களை வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்கிறது. பால்மாவைப் புட்டியில் கலந்து கொடுப்பவர் எத்தனை அன்பானவராக இருந்தாலும் இவற்றைக் கொடுக்க முடியாது. குட்டியைத் தொட்டுப் படமெடுக்க முடியவில்லையே என்று எங்களுக்கு அருகில் நின்ற குடும்பம் குறைப்பட்டுக்கொண்டது. குட்டி பிழைத்திருப்பது முக்கியமென்றால் அந்த ஆசையை நாம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

இரவு தங்கியது மையத்துக்கு வெளியே, காட்டோரத்தில் நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்த ஓட்டு வீட்டில். பகலில் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இந்த இரவில் இருக்கிறது. யானை ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரம்தான் உறங்கும்; மீதி இரவு முழுவதும் விழித்திருந்து தின்னும். கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டு விளக்கை அணைத்துத் திண்ணையில் உட்கார்ந்தோம். தவளைகளின் கூச்சல் ஓய்ந்த ஒரு கணத்தில், நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து ஓலை கிழிபடும் ஓசை கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பிளிறல். அதற்கு விடைபோல, வேறெங்கோ மிகத் தொலைவில், மலைப்பக்கமிருந்து இன்னொன்று.

மகள் என் மடியில் ஒடுங்கிக்கொண்டாள். அப்பா அசையாமல் இருந்தார். சற்று நேரம் கழித்து, பிளிறல் அவருக்குப் பயமில்லை என்றும், பிளிறாமல் தொண்டைக்குள் உறுமும் ஓசைதான் தோட்டத்தில் அவரை நடுங்க வைக்கும் என்றும், அதைக் காதால் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்குள் அதிர்வதுபோல் இருக்கும் என்றும் சொன்னார். நான் வியந்துபோனேன். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் கொட்டிலருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், காற்றில் இனம்புரியாத ஓர் அதிர்வை உணர்ந்துதான், மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண்ணில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பதைக் கண்டறிந்தார். நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. யானைகளின் அந்தப் பேச்சின் அடியொலி அதற்கும் கீழே இறங்கி, காட்டின் அடர்த்தியைத் துளைத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் செல்லும். பதிவுக் கருவியால் அவர் நிறுவியதை, என் அப்பா ரப்பர் மரத்தடியில் வெறும் நெஞ்சால் அறிந்து வைத்திருந்தார். இதை அவரிடம் விளக்கிச் சொன்னபோது, "அப்போ அது பேசுகது நமக்குக் கேக்காதா?" என்று கேட்டு, இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு அவர் உறங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை குளியல். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பிடியைப் பாகன் நீருக்குள் நடத்திச் சென்றார். "இடத்தானே", "இரியானே" என்ற மலையாளக் கட்டளைகள் எங்கள் காதுக்கு அந்நியமானவை அல்ல. அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு, துதிக்கை நுனியை மட்டும் நீருக்கு மேலே நிறுத்தி மூச்சு விட்டது. தேங்காய்த் தொண்டால் காது மடலின் பின்புறம், கழுத்து மடிப்பு, வயிற்றோரம் என்று பாகன் தேய்த்துக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பொறுமையைக் கண்டுதானோ என்னவோ, அப்பா தன் மரத்தடியை விட்டு எழுந்து படிப்படியாக முன்னே வந்துவிட்டிருந்தார்.

கரையேறிய பிறகு பாதம் பார்த்தார்கள். பாகன் சொன்னதும் அந்தப் பிடி முன்னங்காலை மடக்கி ஒரு கட்டைமேல் வைத்தது. யானை உண்மையில் விரல்நுனியில் நடக்கும் விலங்கு. குதிகாலுக்குக் கீழே கொழுப்பும் நாரும் கலந்த தடித்த மெத்தை இருப்பதால்தான் நான்காயிரம் கிலோ எடை ஓசையின்றிக் காட்டில் நகர்கிறது. மிக அருகில் அந்த உள்ளங்காலைப் பார்த்தோம். வறண்ட குளத்துப் பாளம்போல் வெடிப்புகள், வெடிப்புகளுக்குள் சேறு, நகத்துக்கும் தோலுக்கும் இடையே ஒரு புளியங்கொட்டை அளவு கல். பாகன் குச்சியால் நோண்டாமல், நீரை ஊற்றி ஊற்றி, கட்டைவிரலால் அமுக்கி அதை வெளியே தள்ளினார். சிமெண்டுத் தரையிலும் சிறுநீர் தேங்கிய கொட்டிலிலும் ஆண்டுக்கணக்கில் நின்ற யானைகளுக்கு இந்த வெடிப்புகளில்தான் புண் தொடங்கும். பாதம் அழுகினால் இத்தனை எடையையும் தாங்குவதற்கு வேறு கால் இல்லை. வளர்ப்பு யானைகளைப் படுக்கையில் தள்ளுவதில் பாத நோய்க்குப் பெரிய பங்கு உண்டு. முன்னங்காலில் ஐந்து நகம், பின்னங்காலில் நான்கு, ஆக மொத்தம் பதினெட்டு என்று என் மகள் எண்ணி முடித்தாள்.

"தொட்டுப் பாக்கலாம், ஒண்ணும் செய்யாது" என்று பாகன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா கையைத் துவர்த்தில் (தோளில் போடும் துண்டுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) துடைத்துக்கொண்டு, கல் எடுத்த இடத்துக்கு மேலே, நகத்தின்மேல் மூன்று விரல்களை வைத்தார். சில நொடிகள்தான். எடுத்துவிட்டு, "சூடா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

யானைச் சவாரி உண்டா என்று அங்கே வந்த ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இப்போதும் உள்ளம் கூசுகிறது. திருமணமான புதிதில் நானும் என் கணவரும் வேறொரு மலைப்பகுதியில் சவாரி செய்தோம். இருபது நிமிடம் மேலே அமர்ந்து சென்று இறங்கிய பிறகு, இருக்கையைக் கட்டிய பட்டையை அவர்கள் தளர்த்தியபோது, விலாவில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, அதன்மேல் மஞ்சள் அப்பியிருந்ததைக் கண்டோம். அடுத்த குடும்பம் வரிசையில் நின்றதால் பட்டையை மீண்டும் இறுக்கினார்கள். யானையின் முதுகெலும்பு மேல்நோக்கிக் கூர்மையாக நீண்டிருப்பது. அதன் முதுகு சுமைக்கென அமைந்த சமதளம் அன்று. அது எனக்கு அன்று தெரியாது. தெரியாமல் செய்ததை எண்ணி வருந்துகிறேன். தெரிந்த பிறகு யார் கேட்டாலும் சவாரி வேண்டாம், குளிப்பாட்டுவதைப் பாருங்கள், தின்பதைப் பாருங்கள், ஓர் இரவு பக்கத்தில் தங்கிப் பாருங்கள் என்றுதான் மன்றாடிச் சொல்கிறேன்.

மூங்கில் தெப்பத்தில் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வந்தோம். மகளுக்கு மகிழ்ச்சி. அதைவிட அதிகமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

காட்டு நடை அப்படியல்ல. வனத்துறையின் அனுமதியுடன், வழிகாட்டி ஒருவருடன் மட்டுமே போகக்கூடிய அந்தப் பாதையில் எங்களை அழைத்துச் சென்றவர் காணிப் பழங்குடியைச் சேர்ந்தவர். பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக் குடியிருப்புகளில் அவருக்கு உறவினர்கள் இருந்ததால், பத்து நிமிடத்தில் அவரும் அப்பாவும் பொது அறிமுகங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அட்டைக்காக உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய துணிமுடிப்பை ஆளுக்கொன்று கொடுத்தார். கார்த்திகை மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அட்டைகள் இலை நுனியில் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தன. வாசனைத் தைலம் பூசியிருக்கக் கூடாது, பளபளப்பான நிறத்தில் உடுத்தக் கூடாது, பேசுவதாக இருந்தால் அவரிடம் மட்டும், அதுவும் அவர் நிற்கும்போது மட்டும் பேச வேண்டும் என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டார். கைப்பேசிகளை அணைத்து என் கணவரின் பையில் போட்டோம்.

அரை மணி நேரம் நடந்ததும் ஓர் உயரமான மரத்தில், கிளைகள் பிரியும் இடத்தில், சிதைந்த பரண் ஒன்றைக் காட்டினார். ஏறுமாடம். இரவில் யானைக்கு எட்டாத உயரத்தில் மூங்கிலால் குடில் கட்டி, ஒற்றை மூங்கிலில் கணுவை மிச்சம் வைத்து வெட்டிய ஏணியில் ஏறிப் படுப்பது காணிகளின் பழைய வழக்கம். இப்போது சுற்றுலா விடுதிகள் மரவீடு என்று கட்டும் அழகுக் குடில்களின் மூதாதை அதுதான். யானை எத்தனை உயரம் எட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுவார்களா என்று என் மகள் கேட்டாள். எட்டும் உயரத்தை எப்படி அறிவது என்பதை அவர் வாயால் சொல்லாமல், இன்னும் கொஞ்சம் நடத்திச் சென்று, ஓடைக்கரைச் சேற்றில் காட்டினார்.

அங்கே காலடித் தடங்கள் இருந்தன. பின்னங்கால் தடம் முட்டை வடிவில் நீண்டிருக்கும். முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும். அந்த வட்டத்தின் சுற்றளவை இருமடங்காக்கினால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழச் சரியாக வந்துவிடும். வழிகாட்டி சொன்னபடி அப்பாவின் தோளில் கிடந்த துவர்த்தை முறுக்கி, தடத்தின் விளிம்பை ஒட்டி வளைத்து, இரு முனையும் சந்தித்த இடத்தில் மகள் ஒரு முடிச்சுப் போட்டாள். சேறு படிந்த அந்தத் துவர்த்தை அப்பா மீண்டும் தோளில் போட்டுக்கொண்டார்.

சற்று தள்ளிக் கிடந்த சாணத்தை வழிகாட்டி காலால் உடைத்துப் பார்த்தார். உள்ளே நார்கள் ஒரு சாண் நீளத்துக்கு அறுபடாமல் கிடந்தன. வயதான யானை என்றார். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கும். ஒன்று தேயத் தேயப் பின்னாலிருந்து அடுத்தது நகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மெல்ல முடியாமல், வயிறு நிறையத் தின்றும் மெலிந்து இறக்கும். அந்த நார்களில் இருந்தது ஒரு முதிய விலங்கின் பல் தேய்மானம். அப்பா குனிந்து சாணத்தின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, நேற்றிரவு போட்டது என்று சொல்ல, வழிகாட்டி மறுக்கவில்லை.

ஓடையைத் தாண்டி நாணல் மூங்கில் அடர்ந்த சரிவுக்கு ஏறத் தொடங்கினோம். முப்பதடிகூடப் போயிருக்க மாட்டோம்; எனக்கு முன்னால் நடந்த அப்பா நின்றுவிட்டார். மூக்கை உயர்த்தி, காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பினார். அதே நொடியில் வழிகாட்டியும் நின்று கையை உயர்த்தினார். யார் முந்தி என்று கேட்டால் அப்பாதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. புளித்த புல்லின் வாடையும் ஈரக் கோணிச் சாக்கின் வாடையும் கலந்ததுபோல் இருக்கும் என்று அப்பா பிறகு சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சொல் எதுவுமின்றி, மகளை நடுவில் விட்டு, வந்த வழியே திரும்பினோம். அருவிவரை போகலாம் என்று திட்டமிட்டிருந்தோம், போகவில்லை. பணம் கட்டி வந்துவிட்டு அருவியைப் பார்க்காமல் திரும்புவதா என்று கேட்கும் கூட்டத்துடன் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. அந்தச் சரிவு அந்த நேரத்தில் அதனுடையது.

திரும்பும் வழியில் அருமனையில் தேநீருக்கு நிறுத்தியபோது, அரிசி தேடி வீடுகளையும் கடைகளையும் உடைத்த அரிசிக்கொம்பனைப் பற்றிப் பேச்சு வந்தது. 2023 ஜூன் மாதம் தேனி மாவட்டத்தில் பிடிபட்ட அந்த யானையை மேல்கோதையாறு முத்துக்குழிவயல் காட்டில் கொண்டுவந்து விட்டபோது, பேச்சிப்பாறை, கோதையாறு மக்கள் எவ்வளவு கலங்கினார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அப்பா அப்போது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஆகஸ்டு 12 அன்று, கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டக் காடுகளில் 1,197 சதுர கிலோமீட்டர் பரப்பு அகத்தியமலை யானைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காப்பகம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் ஓரத்தில் விடியலுக்கு முன் கத்தியும் வாளியுமாக இறங்குபவர்களுக்குப் பாதையில் ஒரு விளக்கும், யானை நிற்குமிடத்தைச் சொல்லும் ஒரு குறுஞ்செய்தியும் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. "அதுக்கு அரிசி ருசி காட்டினது ஆரு?" என்று மட்டும் அப்பா கேட்டார். முன்பெல்லாம் அந்த யானையைப் பற்றி அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வந்தாள். துவர்த்தை நீட்டி முடிச்சுவரை அளந்தோம்: நான்கடி மூன்றங்குலம். இருமடங்காக்கினால் எட்டரை அடி. வராந்தாச் சுவரில் முக்காலி போட்டு ஏறி, அப்பாவே கரித்துண்டால் அந்த உயரத்தில் ஒரு கோடு இழுத்தார். கதவு நிலைக்கு ஒன்றரை அடி மேலே இருந்தது அந்தக் கோடு. இறங்கி, பின்னால் நகர்ந்து, தலையை அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோளுதானே இது?" என்று கேட்டார். ஆமாம், தோள்தான், தலை இன்னும் மேலே, துதிக்கையை உயர்த்தினால் அதற்கும் மேலே என்று மகள் கைகளை விரித்துக் காட்டினாள்.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கொட்டகைக் கூர இவ்வளவு உயரங்கூட இல்ல, மக்களே" என்றார்.